கடைசி ஆள் ஏறாத பஸ்

முதல் நாள் வகுப்பில் என் அக்கா பிள்ளைகளைக் கம்ப்யூட்டரைத் தொடவே விடமாட்டாள். ஒரு ஸ்வெட்டரைக் கொண்டுபோய் மேசைமேல் போட்டுவிட்டு, "நான்தான் மெஷின். எனக்கு ஒண்ணுமே தெரியாது. நீங்க சொல்றதை மட்டும் செய்வேன். இதை எனக்குப் போட்டு விடுங்க பார்ப்போம், வாயாலயே" என்பாள்.

"ஸ்வெட்டரை எடுங்க மிஸ்."

எடுப்பாள்.

"தலையை உள்ள விடுங்க."

கை நுழைக்கிற இடத்தில் தலையை நுழைத்துக்கொண்டு, மூச்சு முட்ட, அப்படியே நிற்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எல்லாம் ஒன்பது பத்து வயசு உருப்படிகள்.

"ஐயோ மிஸ், அது இல்ல! பெரிய ஓட்டை!"

"எனக்குப் பெரிசு சின்னது தெரியாதே. ஏன் இப்படி மாட்டிக்கிட்டேன்? யாராவது சொல்லுங்க. ஏன்?"

கொஞ்ச நேரம் கூச்சல். பிறகு யாராவது ஒரு குரல், "நாங்க சரியாச் சொல்லலை" என்று வரும். அது வந்தால் போதும் அக்காவுக்கு. ஸ்வெட்டரைக் கழற்றி, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, "அவ்வளவுதான் பாடம். மத்ததெல்லாம் தட்டச்சுதான்" என்பாள்.

எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று கேட்டதால் பிள்ளைகள் அவளுக்கு 'ஏன் மிஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அத்தானுக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துப் போயிற்று. "நான் கல்யாணமான மறுநாளே வெச்சிருக்க வேண்டிய பேரு. இந்தப் பொடிசுங்க முந்திக்கிச்சு" என்பார்.

இங்கே வருவதற்குமுன் அக்கா பெரிய கம்பெனி ஒன்றில் இருந்தாள். மற்றவர்கள் எழுதிய புரோகிராமை ஓட்டிப் பார்த்து ஓட்டை கண்டுபிடிக்கிற வேலை. நன்றாகச் செய்தாள். அவள் 'சரி' என்று சொல்லாமல் எதுவும் வெளியே போகாது. அத்தானுக்கு இந்த ஊர் ஆஸ்பத்திரி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்து, குடும்பம் இடம் மாறியபோது அந்த அனுபவமெல்லாம் விமான நிலையத்தோடு நின்றுவிட்டது. போன இடமெல்லாம், "இங்கே செய்த அனுபவம் உண்டா?" என்ற ஒரே கேள்வி. வேலை கொடுத்தால்தானே அனுபவம், அனுபவம் இருந்தால்தானே வேலை? பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. வருஷக்கணக்கில் வீட்டுச் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். அத்தான் வைத்த ரசத்தில் குற்றம் கண்டுபிடித்தாள். அவர் மடித்து வைத்த துணியில் குற்றம் கண்டுபிடித்தாள். "கம்பெனி மூடிடுச்சு, டிபார்ட்மெண்ட் மட்டும் இன்னும் நடக்குது" என்று அவர் என்னிடம் கண்ணடிப்பார். அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டுச் சமையலறைக்குள் போனால் வெளியே வர நேரமாகும்.

அப்படியிருந்தபோதுதான் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில், சிறுவர்களுக்கு கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற இடத்தில், வார இறுதி வகுப்பு ஒன்று கிடைத்தது. படிப்புக்கும் அனுபவத்துக்கும் கால் தூசி பெறாத வேலை. ஆனால் அது அவளுடையது. ஆஸ்பத்திரிக்காரர் மனைவி, இன்னாருடைய அக்கா என்பதெல்லாம் இல்லாமல், அவளை அவளாக நாலு பேர் கூப்பிடுகிற ஒரே அறை. எங்களைப் போல ஊர் விட்டு வந்தவர்களுக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு. கையில் இருப்பதை நழுவவிட்டால் அடுத்தது கிடைக்காது என்ற பயம். கிடைத்த நாற்காலியில் முழுதாக உட்காரமாட்டோம், நுனியில்தான் உட்காருவோம். அக்கா அந்த அறையில் மட்டும் முழுதாக உட்கார்ந்தாள்.

அவளுக்கு ஒரு விதி இருந்தது. பிள்ளையின் விசைப்பலகையை ஆசிரியர் தொடக்கூடாது. எவ்வளவு தப்பாகப் போனாலும் சரி, கேள்விதான் கேட்கலாம். "அவங்க தப்பு அவங்க சொத்து. அதை நான் எடுத்துக்கிட்டா அவங்ககிட்ட என்ன மிஞ்சும்?" என்பாள்.

பக்கத்து அறையில் இன்னொரு ஆசிரியர். மின்னல் சார் என்று பிள்ளைகள் வைத்த பெயர். அவரிடம் ஒரு விளையாட்டு தயாராக இருக்கும்: ஒரு ராக்கெட், மேலேயிருந்து விழுகிற கல். அதை எல்லாப் பிள்ளைகளின் கம்ப்யூட்டரிலும் அவரே ஏற்றிவிடுவார். பிள்ளை ராக்கெட்டின் நிறத்தை மாற்றும், தன் பெயரைப் போடும். வீட்டுக்குப் போய், "அம்மா, நான் கேம் செஞ்சேன்" என்று சொல்லும். ஆள் கெட்டவர் இல்லை. ஒருநாள் மாடிப்படியில் அக்காவிடம் அவரே சொன்னார்: "மேடம், நீங்க சமைக்கக் கத்துக்கொடுக்கறீங்க. நான் பார்சல் கட்டிக் கொடுக்கறேன். பசியோட வர்றவனுக்கு எது பிடிக்கும், சொல்லுங்க?"

நிர்வாகிக்கும் பார்சல்தான் பிடித்தது. பெற்றோர் தினம் ஒன்று நடத்தப்போவதாக அறிவித்தார். ஒவ்வொரு பிள்ளையும் தான் செய்ததைப் பெரிய திரையில் காட்ட வேண்டும். அதற்கு முன் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"இத பாருங்க மேடம், பெத்தவங்க கண்ணுக்கு ஏதாவது ஓடணும், ஆடணும், சத்தம் போடணும். உங்க பசங்க மாசக்கணக்கா என்ன செய்றாங்கன்னு எனக்கே தெரியலை."

"யோசிக்கிறாங்க சார்."

"அதை எப்படித் திரையில காட்டறது?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த பருவத்துக்கு ஆரம்ப வகுப்பு ஒண்ணே ஒண்ணுதான் வைக்கப்போறேன். ஒரே ஆசிரியர். இந்த நிகழ்ச்சி முடியட்டும், யாருன்னு முடிவு பண்ணிடலாம்."

அன்று வீட்டுக்கு வந்து அவள் அத்தானின் துணி மடிப்பில் குற்றம் கண்டுபிடிக்கவில்லை. அதிலேயே எங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அக்காவின் வகுப்பில் பென்சில் என்று ஒரு பெண் இருந்தாள். ஒல்லி. எதையும் முதலில் தாளில் வரைந்து பார்த்துவிட்டுத்தான் தட்டச்சு செய்வாள். அதனால் அந்தப் பெயர். அதிகம் பேசமாட்டாள். அவள் ஒரு பஸ் செய்துகொண்டிருந்தாள். திரையில் ஒரு நிறுத்தம், அங்கே ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். பஸ் வரும், கதவு திறக்கும், ஒவ்வொருவராக ஏறுவார்கள், கதவு மூடும், பஸ் போய்விடும். ஐந்து பேரையும் அவளே வரைந்திருந்தாள். குடை பிடித்த கிழவர், முதுகுப் பை மாட்டிய பையன், இரண்டு பெண்கள், கடைசியில் தொப்பி போட்ட ஒருவர். ஆனால் தொப்பிக்காரர் மட்டும் ஏறவே மாட்டார். நாலு பேரோடு பஸ் கிளம்பிவிடும். அவர் தனியாக நிறுத்தத்தில் நிற்பார்.

"ஏன் இவர் ஏறலை?" என்று அக்கா கேட்டாள்.

"டிக்கெட் எடுக்கலையோ என்னமோ மிஸ்."

"நீ டிக்கெட் கேட்கச் சொல்லியிருக்கியா மெஷின்கிட்ட?"

"இல்ல."

"அப்ப ஏன்?"

பென்சில் திரையை முறைத்துப் பார்த்தாள். அக்கா வாயைத் திறக்கப் போனதும், "சொல்லாதீங்க மிஸ். நானே பிடிக்கிறேன்" என்றாள்.

தப்பு சின்னதுதான். புரோகிராமின் மேல் வரியில் 'ஒன்றிலிருந்து எண்ணு' என்று எழுதியிருந்தாள். கீழே வெகுதூரம் தள்ளி, 'ஐந்தைவிடக் குறைவாக இருக்கும்வரை ஏற்று' என்று எழுதியிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு: எண்ணுக்கு ஒருவராக நாலு பேர் ஏறினார்கள். ஐந்து வந்ததும் அது ஐந்தைவிடக் குறைவில்லை, மெஷின் நிறுத்திவிட்டது. இதைச் சரிசெய்ய இரண்டு வழி. மேலே ஒன்றுக்குப் பதில் பூஜ்யம் போடலாம். அல்லது கீழே ஐந்துக்குப் பதில் ஆறு போடலாம். ஏதாவது ஒன்று. புரோகிராம் எழுதத் தெரிந்த யாருக்கும் ஒரு பார்வையில் தெரிகிற விஷயம். அந்தப் பெண் வாரக்கணக்கில் அதைத் தேடினாள். விரல் விட்டு எண்ணினாள், தாளில் பஸ் வரைந்து தீர்த்தாள். "இன்னிக்கு வாசனை வந்துடுச்சுடி, பிடிச்சிடுவா பாரு" என்று அக்கா என்னிடம் சொல்லுவாள். பிள்ளை முதன்முதலாக நடக்கப்போகிற வீட்டில்தான் அப்படி ஒரு குரல் கேட்கும்.

பெற்றோர் தினத்துக்கு முதல் நாள் மதியம் நிர்வாகி ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் பார்த்துக்கொண்டு வந்தார். பென்சில் கீழே அம்மாவோடு கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தாள். அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி, பொருத்திப் பார்க்க மகள் வேண்டும். நிர்வாகி அவளுடைய பஸ்ஸை ஓட்டினார். தொப்பிக்காரர் நின்றுவிட்டார்.

"இது என்ன மேடம்? ஒருத்தன் விட்டுப்போச்சு."

"தெரியும் சார். அவ தேடிக்கிட்டிருக்கா."

"நாளைக்கு நிகழ்ச்சி, இன்னும் தேடறாளா? எடுத்துடுங்க இதை. ஓடாததெல்லாம் மேடைக்கு வேண்டாம். இப்படியே எத்தனை இருக்கு உங்க வகுப்புல?" சொல்லிக்கொண்டே பக்கத்து அறைக்குப் போய்விட்டார். அங்கே ராக்கெட்டுகள் சீறுகிற சத்தம் கேட்டது.

அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உயரம் குறைந்த, பிள்ளைகள் நாற்காலி. எடுத்துவிட்டால் பென்சிலுக்கு நாளை மேடை இல்லை. எடுக்காவிட்டால் தனக்கு அடுத்த பருவம் இல்லை. ஒரே ஒரு எண். அவள் கை மேல் வரிக்குப் போயிற்று. ஒன்றை அழித்துப் பூஜ்யம் போட்டாள். கீழே போக அவளுக்குத் தோன்றவேயில்லை. அந்தத் தொழிலில் ஊறினவர்கள் எல்லாரும் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணுவார்கள், அது விரலில் ஏறிப்போன பழக்கம். ஓட்டிப் பார்த்தாள். ஐந்து பேரும் ஏறினார்கள். சேமித்துவிட்டு எழுந்தாள்.

காலையில் பென்சிலிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். சொல்லி, கேட்டு, அவள் கோபித்தால் பழையபடி மாற்றிவிடலாம் என்று. ஆனால் காலை என்பது அப்படியா விடிகிறது? நாற்காலி போதவில்லை, ஒலிபெருக்கி கரகரத்தது, ஒரு பிள்ளை அழுதது, நிர்வாகி கத்தினார். அக்கா படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோதே பென்சில் வந்து, கையில் மடித்த தாளோடு முதல் வரிசையில் உட்கார்ந்தாள். அன்றைக்கென்று அவள் முகத்தில் ஒரு களை. அக்கா அதைப் பார்த்தாளாம். மேடைக்கூச்சம் இல்லையே, நல்லதுதான் என்று நினைத்தாளாம்.

நானும் அத்தானும் பின்வரிசையில் இருந்தோம். முதலில் ராக்கெட்டுகள். சிவப்பு ராக்கெட், நீல ராக்கெட், மஞ்சள் ராக்கெட். கல் மட்டும் ஒரே கல். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். அத்தான் என் காதில், "என்னம்மா மச்சினி, ஒரே மாப்பிள்ளையை ஏழு சட்டையில காட்டறாங்க?" என்றார்.

பிறகு பென்சில் ஏறினாள். மைக் அவள் உயரத்துக்கு இறங்கவில்லை, எட்டிப் பேசினாள்.

"இது பஸ். இதுல ஒரு தப்பு இருக்கு. கடைசி ஆள் ஏறமாட்டார். ரொம்ப நாளா ஏன்னு தெரியலை. நேத்து வீட்ல கண்டுபிடிச்சிட்டேன். முதல்ல தப்பைக் காட்டறேன். அப்புறம் உங்க முன்னாடியே சரி பண்றேன்."

நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவள் சுவரோரம் நின்றிருந்தாள். ஒரு கையால் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டது தெரிந்தது. அந்தக் கணத்தில் எனக்கு எதுவும் தெரியாது.

பென்சில் ஓட்டினாள். பஸ் வந்தது. குடைக் கிழவர் ஏறினார், பையன் ஏறினான், பெண்கள் ஏறினார்கள். தொப்பிக்காரரும் ஏறினார். பஸ் போய்விட்டது.

கூட்டம் கைதட்டியது. அவள் தட்டவேண்டாம் என்பதுபோல் கையை ஆட்டினாள். மறுபடி ஓட்டினாள். மறுபடி ஏறினார்.

"இல்ல... அவர் ஏறமாட்டார்" என்றாள் மைக்கில். சிலர் சிரித்தார்கள். என் முன்னால் இருந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம், "நல்லாத்தானே ஓடுது, இந்தப் பொண்ணு ஏன் இப்படி உளறுது?" என்றாள்.

அவள் தாளைப் பிரித்துப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். கீழ் வரி அவள் எழுதியபடியே, ஐந்து என்றுதான் இருந்தது. மேல் வரி திரைக்கு மேலே எங்கேயோ போயிருந்தது. ஒன்றிலிருந்து எண்ணு என்று தான் எழுதியதை யார் போய்ச் சரிபார்ப்பார்கள்? சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, ஐந்தை அழித்துவிட்டு ஆறு போட்டாள். "இங்கதான் தப்பு. ஆறு வரணும்" என்று சொல்லி ஓட்டினாள்.

ஒரே ஓட்டையை இரண்டு பக்கமிருந்தும் அடைத்தாயிற்று; பூஜ்யத்திலிருந்து ஐந்துவரை, இப்போது கணக்கு ஆறு பேர். ஐந்து பேரும் ஏறினார்கள். கதவு மூடவில்லை. யாருமில்லாத நிறுத்தத்தில் பஸ் இல்லாத ஆறாவது ஆளுக்காகக் காத்துக்கொண்டு நின்றது. பிறகு திரையின் அடியில் பிழை, பிழை என்று சிவப்பு எழுத்துகள் கொட்டின. ராக்கெட் பையன்களில் ஒருவன், "டமார்!" என்று கத்தினான். அந்தச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

நிர்வாகி மேடைக்கு ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினார். "குழந்தைக்குக் கொஞ்சம் பதற்றம். முதல்ல அருமையா ஓடிச்சு, எல்லாரும் பார்த்தீங்க இல்லையா? ஒரு பெரிய கைதட்டல்!" தட்டினார்கள். பென்சில் தாளைச் சின்னதாக, இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டே இறங்கினாள்.

நிகழ்ச்சி முடிந்ததும் அக்கா படிக்கட்டில் அவளைப் பிடித்தாள். பென்சில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தாள். அக்கா அவள் உயரத்துக்குக் குனிந்தாள்.

"நீ கண்டுபிடிச்சது சரி. நூத்துக்கு நூறு சரி. நேத்து மதியம் நான்தான் மேல் வரியில மாத்திட்டேன். அதனாலதான் கெட்டுப்போச்சு. உன் தப்பு இல்லை."

பென்சில் அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். "நீங்க தொடமாட்டீங்களே மிஸ்" என்றாள்.

"தொட்டுட்டேன்மா."

"சும்மா ஆறுதலுக்குச் சொல்றீங்க."

"சத்தியமா. வா, மேல வா, காட்டறேன்."

மேலே பார்த்தார்கள். வாடகை நாற்காலிக்காரர்கள் அதற்குள் கம்ப்யூட்டர்களை ஓரங்கட்டி, வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

அம்மாக்காரி புதுக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு கேட்டாள்: "ஒரு நிமிஷம் மிஸ். அப்ப நீங்க மாத்தினதாலதான் முதல்ல ஓடிச்சா?"

"ஆமாங்க, ஆனா..."

"இவ கை வெச்சதும் கெட்டுச்சு."

"அப்படி இல்லைங்க. ரெண்டு பேரும் சரிதான். ரெண்டும் ஒண்ணா சேர்ந்ததுதான்..."

"பரவாயில்லை விடுங்க. நீங்க நல்ல மனசோட உதவி பண்ணியிருக்கீங்க, அதுவே பெரிசு. இவளுக்கு இதெல்லாம் வராதுன்னு இவ அப்பா அப்பவே சொன்னார். நான்தான் கேட்கலை. படம் நல்லா வரையறா, அதுல போடப்போறோம்." மகளிடம் திரும்பி, "மிஸ்ஸுக்குத் தேங்ஸ் சொல்லு" என்றாள்.

"தேங்ஸ் மிஸ்" என்றாள் பென்சில்.

அக்கா அந்தப் படியிலேயே நின்றிருந்தாள். இறங்கிப் போகிறவர்களுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டபடி. அங்கேதான் நிர்வாகி வந்து அவள் தோளைத் தட்டினார்.

"அந்த ஒண்ணைத் தவிர மத்த பசங்க நல்லாத்தான் பண்ணாங்க மேடம். கேட்டா பதில் சொல்றாங்க, அது ரெண்டு மூணு அப்பாக்களுக்குப் பிடிச்சுப்போச்சு. ஆரம்ப வகுப்பு உங்களுக்குத்தான். சாரை மேல் வகுப்புக்குப் போட்டுக்கறேன். சந்தோஷமா?"

"சந்தோஷம் சார்."

காரில் அத்தான் கொண்டாட்டமாகப் பேசினார். அக்கா நடந்ததைச் சொன்னாள், அந்தப் பூஜ்யம் முதற்கொண்டு. அவர் காரின் வேகத்தைக் குறைத்தார்.

"நீதான் உண்மையைச் சொல்லிட்டியே. அப்புறம் ஏன் இப்படி இடிஞ்சு போய் உட்கார்ந்திருக்கே?"

"சொன்னதை யாரும் வாங்கிக்கலைங்க. அந்தம்மா எனக்கு நன்றி சொல்லிட்டுப் போறாங்க."

"விடு. ஒரு பொண்ணுதானே. இன்னும் எத்தனை பேர் வருவாங்க."

பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அத்தானைக் குறை சொல்லவும் முடியவில்லை. அவர் பயம் அவருக்கு. வகுப்பு போயிருந்தால் அந்தச் சமையலறையிலிருந்து அவளை மறுபடி யார் வெளியே கொண்டுவருவது?

ஒருமுறை அக்கா பென்சில் வீட்டுக்கு போன் செய்து பார்த்தாள். அம்மாக்காரி மரியாதையாகவே பேசினாளாம். பிள்ளை ஓவிய வகுப்பில் நன்றாகப் பொருந்திவிட்டாள், இதைப் பற்றி இப்போது பேச்செடுக்கவேண்டாம், பேச்செடுத்தாலே மூஞ்சியைத் தூக்கிக்கொள்கிறாள் என்று. கூப்பிட்டுக் கொடுங்கள் என்று கேட்க அக்காவுக்கு வாய் வரவில்லை.

அடுத்த பருவம் ஆரம்பித்த அன்று நான்தான் அவளைக் கொண்டுபோய் விட்டேன். புதுப் பிள்ளைகள், புதுப் பைகள், வாசலில் பெற்றோர் கும்பல். நிர்வாகி நடுவில் நின்று ஒவ்வொருவருக்கும் அக்காவை அறிமுகம் செய்துகொண்டிருந்தார்: "இவங்கதான் மிஸ். பெரிய கம்பெனியில இருந்தவங்க." ஒரு தாய், பின்னால் ஒளிந்துகொண்ட மகளை முன்னால் இழுத்துவிட்டு, கவலையோடு கேட்டாள்.

"இவ ரொம்பப் பயந்த சுபாவம் மிஸ். ஏதாவது தப்பா வந்துட்டா அழுதுடுவா. நீங்க பார்த்துச் சரி பண்ணிக் கொடுத்துடுவீங்க இல்ல?"

அக்கா அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்தாள். பிறகு நிர்வாகியைப் பார்த்தாள். அவர் சிரித்த முகத்தோடு அவள் பதிலுக்குக் காத்திருந்தார்.

"பண்ணிக் கொடுத்துடறேங்க" என்றாள்.